நான்கு பத்தி அறிக்கை

பத்தாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியர் பரிணாமப் பாடத்தைத் தொடங்கும் முன் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு ஒன்று சொன்னார். "இது டார்வின்னு ஒருத்தர் சொன்ன கொள்கை. பரீட்சைக்குப் படிங்க, எழுதுங்க, மார்க் வாங்குங்க. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க வீட்டு விஷயம்." பிறகு புத்தகத்தைத் திறந்து வாசித்தார். லாமார்க், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, டார்வினின் கப்பல் பயணம் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டன. யாரும் கேள்வி கேட்கவில்லை.

அவர் மோசமான ஆசிரியர் இல்லை. செம்பருத்தியை நீளவாக்கில் பிளேடால் கீறிச் சூலகத்தைக் காட்டிய அன்று வகுப்பே அவர் மேசையைச் சுற்றி முண்டியடித்து நின்றது. அதே மனிதர், அதே வகுப்பு, அதே நாங்கள். பாடத்துக்கு முன்னால் சொன்ன மூன்று வாக்கியங்கள் எங்களை உட்கார வைத்துவிட்டன.

நானே விலங்கியல் ஆசிரியையாகிச் சில ஆண்டுகள் கழிந்த பிறகுதான், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூரில் நடந்த வழக்கைப் பற்றி முழுமையாகப் படித்தேன். அதில் ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிய நான்கு பத்தி அறிக்கை இருக்கிறது. அது சொல்வதன் சாரம் இது. மாநிலத் தேர்வில் வருவதால் நீங்கள் டார்வினின் தியரியைப் படித்தாக வேண்டும். அது தியரிதான், உண்மை என்று நிலைநாட்டப்பட்டதல்ல, அதில் சான்றில்லாத இடைவெளிகள் இருக்கின்றன. அறிவார்ந்த வடிவமைப்பு (உயிர்களை அறிவுள்ள யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்ற கருத்து) என்ற வேறொரு விளக்கமும் உண்டு, அதைப் பற்றிய புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. திறந்த மனதோடு இருங்கள். உயிரின் தோற்றம் பற்றிய பேச்சைப் பள்ளி உங்களிடமும் உங்கள் குடும்பத்திடமும் விட்டுவிடுகிறது.

கடைசி வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் ஆசிரியரின் குரல் அப்படியே கேட்டது. அவர் டோவரைக் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: இதை மனப்பாடம் செய், மனதுக்குள் விடாதே.

டோவரில் நடந்தது இது. 2004 அக்டோபரில் ஊர்ப் பள்ளி வாரியம் 6-3 என்ற வாக்கில், பரிணாமத்தின் 'குறைகளையும்' அறிவார்ந்த வடிவமைப்பையும் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறிக்கையை வகுப்பில் வாசிக்கும்படி உயிரியல் ஆசிரியர்களுக்கு உத்தரவு. அவர்கள் மறுத்துவிட்டார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் மாநிலத்தின் ஆசிரியர் நடத்தை விதி. அதைச் சுட்டிக்காட்டி, இது அறிவியல் அல்ல, நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில், நாளையும் அதே வாசலில் நுழைய வேண்டியவர்கள், மேலிடத்துக்கு இப்படி எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2005 ஜனவரியில் நிர்வாகத்திலிருந்தே ஆள் வந்து அறிக்கையை வாசித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் பெற்றோர் பதினொரு பேர் வழக்குப் போட்டிருந்தார்கள். முதல் பெயர் டாமி கிட்ஸ்மில்லர் என்ற தாயுடையது. 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி மூன்றாம் ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷால் 2002இல் நியமிக்கப்பட்டவர்.

வழக்குக்குள் போவதற்கு முன் நம் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நாம் 'டார்வின் கொள்கை' என்கிறோம். கொள்கை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்சிக் கொள்கை. கொள்கை என்பது ஒருவர் கொண்டிருப்பது; வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கூட்டணி மாறினால் கொள்கையும் மாறும். 'தியரி' என்ற சொல்லும் நம் வாயில் அவ்வளவு சிறப்பாக இல்லை. 'தியரில பாஸ், பிராக்டிகல்ல பெயில்' என்பதுதான் நமக்குத் தெரிந்த தியரி. அறிவியலில் அந்தச் சொல்லின் எடை வேறு. பல திசைகளிலிருந்து வந்த சான்றுகளைத் தாங்கிக்கொண்டு, பொய்யாக்கப் பார்த்த சோதனைகளையெல்லாம் தாண்டி நிற்கும் விளக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் தியரிதான், பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் தியரிதான். அந்தப் பாடங்களுக்கு முன்னால் எந்த ஊரிலும் யாரும் அறிக்கை வாசிப்பதில்லை. எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டுப் பரிணாமத்தை மட்டும் தனியே நிறுத்தி அதன் மேல் சந்தேகத்தை ஊற்றுகிறது இந்த அறிக்கை என்று நீதிபதியும் பிறகு குறிப்பிட்டார்.

வடிவமைப்புத் தரப்பின் முக்கியச் சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. அவரை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். பூமி பழையது என்பதை அவர் ஏற்கிறார். மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏற்கிறார். இயற்கைத் தேர்வால் மட்டும் செய்ய முடியாத சில பொறிகள் செல்லுக்குள் இருக்கின்றன என்பதே அவர் வாதம். சிறு சிறு மாற்றங்களால் உருவாகியிருக்கவே முடியாத ஓர் உறுப்பைக் காட்டினால் என் தியரி நொறுங்கிவிடும் என்று டார்வினே 1859இல் எழுதி வைத்தார். பீஹி கையில் எடுத்தது அந்தச் சவாலைத்தான்.

அவர் கொடுக்கும் உதாரணம் எலிப்பொறி. நம் வீட்டுக் கூண்டுப் பொறி இல்லை. பலகையில் ஸ்பிரிங் வைத்து, எலி தொட்டதும் கம்பி வந்து அடிக்கும் பொறி. பலகை, ஸ்பிரிங், அடிக்கும் கம்பி, பிடித்து வைக்கும் கம்பி, தேங்காய்ச் சில் வைக்கும் கொக்கி என்று ஐந்து பாகம். எதை எடுத்தாலும் எலி விழாது. ஆகவே பாகம் பாகமாகப் படிப்படியாக அது வந்திருக்க முடியாது, யாரோ முழுசாகத்தான் செய்திருக்க வேண்டும். பாக்டீரியாவின் கசையிழையும் அப்படித்தான் என்றார் பீஹி. சுமார் நாற்பது புரதங்கள் சேர்ந்து, மோட்டார் போலச் சுழன்று, பாக்டீரியாவை நீந்த வைக்கும் இழை அது.

பதில் சொன்னவர் பிரௌன் பல்கலைக்கழகத்தின் கென்னத் மில்லர், பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி. பொறியில் இரண்டு பாகத்தைக் கழற்றினால் எலி பிடிக்க முடியாதுதான், ஆனால் மிச்சமிருப்பது அருமையான டை கிளிப் என்பார் அவர். பாகங்கள் குறைந்தால் அந்த வேலை நின்றுபோகும், வேறு வேலைக்கு உதவும். கசையிழையின் அடிப்பாகத்தில் உள்ள பத்துப் புரதங்களுக்கு நெருங்கிய உறவான புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பிளேக் நோய்க் கிருமி நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி ஒன்றை வைத்திருக்கிறது. அந்த ஊசி முந்தியதா, கசையிழை முந்தியதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஊசிதான் பிந்தியது என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதனால் 'இதிலிருந்து அது வந்தது' என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் பாகம் குறைந்தால் எதற்கும் உதவாது என்ற வாதம் அதோடு நிற்கவில்லை.

இந்த விசாரணையில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அடுத்து வருவது. நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படி உருவானது என்பதற்கு அறிவியல் இதழ்களில் பதிலே இல்லை என்று பீஹி 1996இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் எரிக் ரோத்சைல்ட் அதே பொருள் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகள், ஒன்பது புத்தகங்கள், சில பாடநூல் அத்தியாயங்கள் ஆகியவற்றை அவர் முன் கொண்டுவந்து அடுக்கினார். இவை போதாது என்றார் பீஹி. பலவற்றை அவர் படித்திருக்கவில்லை.

அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று தேடிப் போனது என் வாழ்க்கையில் நல்ல முடிவு. நம் உடம்பு முன்பின் பார்த்திராத கிருமிக்கும் பொருந்தும் எதிர்ப்பொருளைச் செய்கிறது. மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டித்தான் இத்தனை வகை கிடைக்கிறது. வெட்டும் கத்தரிக்கோல் ராக் என்ற புரத ஜோடி. இந்தக் கத்தரிக்கோல் ஒரு காலத்தில் டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் தாவும் மரபணுவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் 1970களின் இறுதியிலேயே எழுந்தது. அப்போது அது வெறும் ஊகம். 1998இல், ராக் புரதங்களால் ஒரு டிஎன்ஏ துண்டை வெட்டி இன்னோரிடத்தில் செருக முடியும் என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள். 2005இல், பூச்சிகளிலும் கடல் முள்ளெலிகளிலும் இருக்கும் தாவும் மரபணுக்களுக்கும் ராக் புரதத்துக்கும் உறவு தெரிந்தது. தீர்ப்பு வந்து பத்து ஆண்டு கழித்து, 2016இல், இரண்டு ராக் மரபணுக்களுக்கும் இணையானவற்றைச் சுமந்துகொண்டு இன்னும் தாவிக்கொண்டிருக்கும் முழு மரபணுத் துண்டு ஒன்று கிடைத்தது. கிடைத்த இடம் ஆம்பியாக்ஸஸ் என்ற சிறு கடல் பிராணி!

விலங்கியல் படித்தவர்களுக்கு ஆம்பியாக்ஸஸ் தெரியும். எங்கள் ஆய்வக அலமாரியின் மேல் தட்டில், மஞ்சளேறிய ஃபார்மலின் பாட்டிலுக்குள், விரல் நீளத்தில், இரு முனையும் கூர்மையாக ஒன்று கிடக்கிறது. 'முதுகுநாணி, தலை தெளிவற்றது' என்று செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டருக்கு, அதாவது பார்த்து அடையாளம் சொல்லும் கேள்விக்கு, எழுதி மார்க் வாங்கிய அதே பிராணி. இத்தனை ஆண்டு அதன் மேல் தூசி தட்டியிருக்கிறேன். நாம் அம்மை வந்து பிழைப்பதற்கான கத்தரிக்கோலின் ஒன்றுவிட்ட உறவு அதன் இனத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்த அன்று பாட்டிலை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். 'விளக்க முடியாது, யாரோ வடிவமைத்தார்கள்' என்று 1996இல் முடிவுகட்டியிருந்தால் இந்தப் பாட்டிலை எதற்கு யாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

மில்லர் காட்டிய இன்னொன்றை நான் ஆண்டுதோறும் வகுப்பில் தோளில் போடும் துண்டு ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, உராங்உட்டான் மூன்றுக்கும் 24. பொது மூதாதை இருந்தது உண்மையானால் நம் வழியில் ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு குரோமோசோம் அப்படியே தொலைந்து போனால் உயிர் பிழைக்காது. எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒட்டிய தடம் நம்மிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொது மூதாதைக் கதை பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்ளும். துண்டின் இரண்டு முனையிலும் குஞ்சம் முடிந்திருக்கும் அல்லவா, அதுபோலக் குரோமோசோமின் இரண்டு முனையிலும் டீலோமியர் இருக்கும். ஒரு துண்டின் நட்டநடுவில் குஞ்சத்தைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பீர்கள். நம் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் டீலோமியர் வரிசைகள் எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற இணைப்புப் பகுதி, செயலிழந்த இரண்டாவதாக, அதன் மிச்சமும் அதில் கிடக்கிறது. இரண்டு பாதியும் சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு வரிசையாகப் பொருந்துகின்றன.

வடிவமைப்பாளர் அப்படியே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வைத்திருக்கலாம். 24 ஜோடி இருந்திருந்தாலும், தடமே இல்லாமல் 23 இருந்திருந்தாலும் அதே பதில் பொருந்தியிருக்கும். எதைக் கண்டாலும் பொருந்துகிற விளக்கத்தைக் கொண்டு அடுத்து எங்கே தேடுவது என்று ஒரு மாணவிக்கு என்னால் சொல்ல முடியாது. அந்த விளக்கத்தின் மேல் எனக்கிருக்கும் குறை அதுதான்.

நூலகத்தில் வைத்த புத்தகத்தின் கதையும் விசாரணையில் வெளியே வந்தது. 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற அந்த நூலின் பழைய வரைவுகளைத் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் நீதிமன்றத்தில் விரித்துக் காட்டினார். படைப்புவாதத்தைப் பள்ளிகளில் கற்பிக்கச் சொல்லும் லூயிசியானா சட்டம் செல்லாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்று இருந்த இடங்களில், அதன் பிறகு 'அறிவார்ந்த வடிவமைப்பு' வந்து உட்கார்ந்தது. நூலில் ஏறக்குறைய 150 இடங்களில் இந்த மாற்றம். ஓரிடத்தில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்) என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் புரபொனன்ட்ஸ்' (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்று போடும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி நான்கு எழுத்துகளும் அழியாமல் தலையிலும் வாலிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. ஓர் உயிரினத்தின் உடலில் பழைய உறுப்பின் எச்சம் கிடப்பதை நாங்கள் எப்படிப் படிக்கிறோமோ அப்படியேதான் அந்தச் சொல்லையும் படிக்க முடிகிறது.

2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அதன் வேர் மதத்தில் இருக்கிறது, அரசுப் பள்ளியில் அறிவியல் வகுப்பில் அதைக் கொண்டுவருவது அரசியலமைப்புக்கு எதிரானது என்றார் நீதிபதி. அது உண்மையாகவும் இருக்கலாம், அதில் தனக்குக் கருத்தில்லை என்றும் சொன்னார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தீர்ப்புக்கு முன்பே நவம்பர் 8 தேர்தலில், போட்டியிட்ட பழைய வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் டோவர் மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். புதிய வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வழக்குச் செலவாக 10 லட்சம் டாலருக்கும் சற்று மேல் கொடுத்து முடித்துக்கொண்டது.

இதைக் கடவுளுக்கும் அறிவியலுக்கும் நடந்த சண்டை என்று சொல்பவர்கள் உண்டு. வழக்குப் போட்ட பெற்றோரில் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள் இருந்தார்கள். மில்லர் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஜான் ஹாட் என்ற இறையியல் பேராசிரியரும் அவர்கள் பக்கம் நின்று சாட்சி சொன்னார். நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். என் கடவுள், அறிவியலுக்கு இன்னும் பதில் தெரியாத பொந்துகளில் போய் ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு பொந்தும் அடைபடும்போது அடுத்ததற்கு ஓட வேண்டியவர் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் நம்பிக்கை. வகுப்பில் இதையும் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் 2023இல், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த அத்தியாயத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்க என்று காரணம் சொன்னார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தோடு உயிரியலை விட்டுவிடுகிற பிள்ளைகள்தான் பெரும்பான்மை என்பது பள்ளி வாசலை மிதித்த எவருக்கும் தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே அத்தியாயம் இருக்கிறது, அதில் எனக்கு நிம்மதி. ஆனால் என் ஆசிரியரின் புத்தகத்திலும் பாடம் இருந்தது. அச்சில் இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்த இருபது நிமிடம் எனக்குக் காட்டியிருக்கிறது.

அதனால் நான் இப்போது பாடத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்வதில்லை. "வலது கையை மேசையில் மல்லாத்தி வைங்க. கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒண்ணோடு ஒண்ணு சேருங்க. இப்ப மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்குங்க." மணிக்கட்டின் நடுவே ஒரு நரம்பு போலப் புடைத்து நிற்கும். நரம்பு இல்லை, தசைநார். பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய தசையின் வால் அது. மரத்திலேயே வாழும் குரங்கினங்களில் இந்தத் தசை நன்றாக வளர்ந்திருக்கும். நம்மில் சிலருக்கு இரண்டு கையிலும் இருக்கும், சிலருக்கு ஒரு கையில் மட்டும், சிலருக்கு இரண்டிலுமே இருக்காது. இல்லாதவர்களுக்குக் கைப்பிடியில் ஒரு குறையும் தெரிவதில்லை. வேறெங்காவது தசைநார் அறுந்துபோனவர்களுக்கு ஒட்டுப்போட, அறுவை மருத்துவர்கள் பல நேரம் இங்கிருந்து எடுப்பார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் சத்தம் கிளம்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், பெஞ்சு தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஆண்டு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள். வலது கையில் இருக்கிறது, இடதில் இல்லை.

"டீச்சர், ஏன் எனக்கு ஒரு கைல மட்டும் இல்ல? எங்கம்மாவுக்கு இருக்குமா? இல்லைன்னா அப்பாகிட்டருந்து வந்திருக்குமா?"

"இன்னைக்கு வீட்டுக்குப் போய் எல்லாருடைய கையையும் பாரு. தாத்தா பாட்டி இருந்தா அவங்க கையையும். எழுதிட்டு வா."

"குரங்குக்கு எப்படி டீச்சர் பார்க்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு பையன். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.